வேலை குறையாது, ஆள் குறைவார்: பர்ன்அவுட்டை அடையாளம் காண்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தார். சாஃப்ட்வேரில் பிழை பிடிக்கும் டெஸ்டிங்கில் கெட்டிக்காரர். அவர் கை வைத்த மாட்யூல் லைவ் போன பிறகு உடைந்ததாக எனக்கு நினைவில்லை. நான்கு வருடம் என்னோடு வேலை பார்த்தார். கடைசி வருட அப்ரைசலில் டீமிலேயே உயர்ந்த ரேட்டிங் அவருக்குத்தான். "எந்த நெருக்கடியிலும் தளராதவர்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்றாவது வாரம் பேப்பர் போட்டுவிட்டார், ராஜினாமா. கையில் வேறு வேலை இல்லை. "ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் தூங்கணும் அண்ணா" என்றார்.

நான் அந்த வரியை எழுதிய நாளில் அவர் ஒழுங்காகத் தூங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. என் இருக்கைக்கும் அவர் இருக்கைக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று யோசித்து யோசித்துத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மற்ற டீம் லீட்களிடம் பேசினேன். எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே தவறுகள்தான் நடக்கின்றன. அவற்றில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் பர்ன்அவுட் என்ற சொல்லைப் பற்றி. வேலையில் எரிந்து தீர்ந்துபோவது என்று பொருள். ஒரு நாள் வேலை கூடிப்போனாலே "பர்ன்அவுட் ஆயிடுச்சுப்பா" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் உண்மையிலேயே ஒருவருக்கு ஆகும்போது அந்தச் சொல்லுக்குக் கனம் இல்லாமல் போகிறது. 1974-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரைதான் இதை உளவியல் துறையின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அவர் பகலெல்லாம் தன் கிளினிக்கில் ஆட்களைப் பார்த்துவிட்டு, இரவில் ஓர் இலவச மருத்துவமனையில் போய் உழைத்தவர். அங்கே ஆர்வத்தோடு வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வற்றிப்போவதைப் பார்த்தார். தனக்கும் அதே நடந்ததையும் பார்த்தார். அர்ப்பணிப்போடு வேலை செய்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்று அப்போதே எழுதிவிட்டார். கடமைக்கு வந்து போகிறவரிடம் எரிந்து தீருவதற்கு அவ்வளவாக எதுவும் இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இருக்கிறது. நோய் என்று இல்லை. வேலையில் நீண்ட நாள் தொடர்ந்து, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தால் வரும் ஒரு நிலை என்று இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். ஒன்று, சக்தி வற்றிப்போவது. இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, அதன்மேல் கசப்பு ஏறுவது. மூன்று, வேலைத்திறன் குறைவது.

நான் பார்த்தவரை, திறமைசாலிகளிடம் இந்த மூன்றாவது அடையாளம் கடைசியில்தான் வெளியே தெரிகிறது. முதல் இரண்டும் மாதக்கணக்கில் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். ஆபீஸில் நாம் அளப்பதோ மூன்றாவதை மட்டும்.

டெலிவரி நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருக்கிறார் என்று நினைப்பது

மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நன்றாக வேலை செய்யும் ஒருவருக்குச் சக்தி குறையும்போது அவர் வேலையின் தரத்தைக் குறைக்க மாட்டார். தன்மானம் விடாது. பதிலாக நேரத்தைப் போடுவார். முன்பு எட்டு மணி நேரத்தில் முடித்ததைப் பத்தரை மணி நேரத்தில் முடிப்பார். வேலைக் கணக்கு எழுதும் ஷீட்டில் பார்த்தால் அதே அளவு வேலை, அதே தரம். அந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று ஷீட் சொல்லாது. தூக்கத்திலிருந்து வந்திருக்கும், சாப்பாட்டிலிருந்து, குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் நேரத்திலிருந்து வந்திருக்கும். ஃபிராய்டன்பெர்கர் இதன் அடுத்த கட்டத்தையும் குறித்திருக்கிறார்: ஆள் மேலும் மேலும் நேரம் கொடுப்பார், முடிகிற வேலை குறைந்துகொண்டே வரும்.

அதனால் வேலையைச் சுற்றி இருப்பதைப் பார்க்க வேண்டும். நான் சொன்ன பெண்ணின் விஷயத்தில், இப்போது திரும்பிப் பார்த்தால், எல்லாம் அவருடைய டிபன் பாக்ஸிலேயே இருந்தது. முதல் இரண்டு மூன்று வருடம் சரியாக ஒரு மணிக்கு ஐந்தாறு பேரோடு பான்ட்ரிக்குப் போவார். அவர் அம்மா கொடுத்தனுப்பும் பருப்புப்பொடிக்கு அங்கே போட்டி நடக்கும். அப்புறம் "ஒரு கான்ஃபரன்ஸ் கால் இருக்கு, நீங்க போங்க" என்று சீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தார். அதன் பிறகு மூன்று மணி, நாலு மணி. கடைசி மாதங்களில் அந்த நீல மூடி பாக்ஸ் காலையில் வைத்த இடத்திலேயே இருக்கும். சாயங்காலம் அப்படியே பைக்குள் போகும். நான் அதைத் தினமும் பார்த்தேன். பிஸியாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் சாட் மெசேஜ்களிலும் இருந்தது. முன்பெல்லாம் ஒரு பிழையைப் பிடித்தால், ஏன் வந்தது, வேறு எங்கெல்லாம் வரலாம், யார் பார்த்தால் நல்லது என்று பத்து வரி எழுதுவார். படிக்கவே சுவாரசியமாக இருக்கும். பிறகு அது நான்கு வரி ஆனது. அப்புறம் "டன்." முடிந்தது என்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல், ஒரு புள்ளி. வேலை அதே வேலைதான். அதில் இருந்த ஆள்தான் மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தார்.

திறமைசாலிகளிடம் முதலில் உதிர்வது வேலைக்கு அவசியமில்லாத, ஆனால் அவர்கள் விரும்பிச் செய்த விஷயங்கள். ஜூனியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, புது டூல் வந்தால் நோண்டிப் பார்ப்பது, பிறந்தநாள் கேக்குக்குக் காசு வசூலிப்பது. கேட்டால் "டைம் இல்லை" என்பார்கள். போன வருடமும் டைம் இருக்கவில்லை, ஆனாலும் செய்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அமைதியானதைப் பக்குவம் என்று எடுத்துக்கொள்வது

இதில்தான் நான் மோசமாக ஏமாந்தேன். அந்தப் பெண் மீட்டிங்கில் வாய் திறந்து சண்டை போடுகிறவர். "இந்தத் தேதிக்கு முடியாது, எழுதி வெச்சுக்கோங்க" என்று கிளையன்ட் கேட்கும்படியே சொல்லியிருக்கிறார். ஒரு கட்டத்தில் அது நின்றுவிட்டது. எந்தத் தேதி சொன்னாலும் "ஓகே." என் மேனேஜரிடம் நான் மகிழ்ச்சியோடு சொன்னேன், இப்போது ரொம்பப் பக்குவமாகிவிட்டார் என்று.

வேலையின்மேல் அக்கறை இருப்பவர்தான் சண்டை போடுவார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்த பிறகு ஆள் ஒத்துப்போக ஆரம்பித்துவிடுவார். வழக்கமாக எதிர்க்கேள்வி கேட்பவர் காரணம் எதுவும் இல்லாமல் தலையாட்டத் தொடங்கினால், அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே தனியாகப் பேசுங்கள்.

இதற்கு நேர்மாறான வடிவமும் உண்டு. தன்மையாகப் பேசுகிறவர் குத்தலாகப் பேசத் தொடங்குவார். "நாம என்ன செஞ்சாலும் அவங்க திருப்பி அனுப்பத்தான் போறாங்க" என்று கிளையன்டைப் பற்றிச் சொல்வார். டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நோயாளியின் பெயர் மறைந்து "பன்னிரண்டாம் பெட்" ஆகிவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் மனிதர்களோடு வேலை செய்பவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து அவர் 1981-இல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோலில், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் போவது தனியாக ஒரு பகுதி. இப்படிப் பேசுகிறவரை "திமிராகிவிட்டார்" என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது திமிர் இல்லை. அதற்குமேல் உணர்ச்சி செலவழிக்க அவரிடம் மிச்சம் இல்லாததால் மனம் போட்டுக்கொள்ளும் வேலி அது.

உடம்பு சொல்வதைத் துண்டு துண்டாகக் கேட்பது

தலைவலி வந்தால் கண்ணாடி பவர் மாறியிருக்கும். வயிறு எரிந்தால் வெளிச் சாப்பாடு. சளி மூன்று வாரம் விடவில்லை என்றால் ஏசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். நாள்பட்ட சளி, அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, எளிதில் கோபம் என்று 1974 கட்டுரையிலேயே பட்டியல் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணம்தான். ஆறு மாதத்துக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளுக்கு வருகிறது என்றால் சாதாரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கவனியுங்கள். "ஞாயிறு நாலு மணி ஆனாலே வயித்தைப் பிசையுது அண்ணா, திங்கட்கிழமை காலைல எழுந்திருக்கும்போதே களைப்பா இருக்கு" என்று அந்தப் பெண் போகும்போது சொன்னார். திங்கட்கிழமையை யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் வேலையை நேசித்த ஒருவருக்கு அப்படி ஆனால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு.

இதில் மறுபக்கத் தவறும் இருக்கிறது. எல்லாவற்றையும் பர்ன்அவுட் என்று முடிவு கட்டிக்கொண்டு டாக்டரிடமே போகாமல் இருப்பது. தைராய்டு குறைந்தாலும் இதே களைப்புதான் வரும். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு எல்லாவற்றிலும் அப்படித்தான். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் "ஸ்ட்ரெஸ்தான்" என்று உட்கார்ந்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் ராத்திரி அமெரிக்கா கால், சனிக்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 55 ஒன்றும் பெரிய எண் இல்லை.

"ரெண்டு நாள் லீவு போடு, சரியாயிடும்"

சாதாரணக் களைப்புக்கு இது சரியான மருந்து. களைப்பும் பர்ன்அவுட்டும் வேறு என்பதைக் கண்டுபிடிக்கவும் இதுவே நல்ல வழி. நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்து, திரும்பி லேப்டாப்பைத் திறந்த அன்றே பழைய பாரம் அப்படியே வந்து உட்கார்ந்தால், அது வெறும் களைப்பு இல்லை. லீவில் போனவர் திரும்பி வருவது அதே வேலைக்கு, அதே ஆள் பற்றாக்குறைக்கு. லீவில் இருந்த நாட்களின் வேலையும் சேர்ந்து காத்திருக்கும். லீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. லீவு கொடுத்துவிட்டோம், நம் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதைத்தான் தவறு என்கிறேன்.

லீவு எடுத்தவர் ஆபீஸ் மெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது லீவும் இல்லை. அப்படிப் பார்ப்பவரைப் பாராட்டாதீர்கள். "லீவுல இருந்தும் பதில் போட்டார் பாருங்க" என்று மீட்டிங்கில் ஒரு முறை சொன்னால் போதும், டீமே கற்றுக்கொள்ளும்.

நன்றாகச் செய்பவர் தலையிலேயே கட்டுவது

அவசர வேலை வந்தால் யாரிடம் கொடுப்போம்? முடிப்பவரிடம்தான். அவர் முடித்துக் கொடுத்தால் அடுத்ததும் அவருக்கே. அவருக்கு வேலைதான் பரிசு. மற்றவர்கள் ஆறு மணிக்குக் கிளம்புவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரே ரேட்டிங்கில் இரண்டு மடங்கு வேலை என்பது அளவுப் பிரச்சினை மட்டும் இல்லை, நியாயப் பிரச்சினையும்கூட. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டர் என்ற உளவியலாளரும் பர்ன்அவுட்டுக்கு வழிவிடும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள். வேலைப்பளு அதில் ஒன்றுதான். தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, பலனும் பாராட்டும் கிடைக்கிறதா, உடன் இருப்பவர்களோடு உறவு எப்படி, நியாயம் இருக்கிறதா, மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய்ய முடிகிறதா என்பவை மற்ற ஐந்து. நாம் பளுவை மட்டும் பார்த்துவிட்டு, "அப்படி ஒன்றும் அதிகம் இல்லையே" என்கிறோம்.

பளுவைக் கணக்கிடும்போதும் ஆபீஸோடு நின்றுவிடுகிறோம். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து, சென்னையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆருக்கு வந்து, ராத்திரி மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ் காலில் உட்காரும் ஒருவரின் நாள் ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பதில்லை. வீட்டிலும் "ஏசியில உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, என்ன களைப்பு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகு அவர் வீட்டிலும் வாய் திறக்க மாட்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு நகர்வது

"நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் இந்தக் கேள்விக்கு வராது. அதுவும் பத்து பேர் இருக்கும் கான்ஃபரன்ஸ் காலில் கேட்டால் சுத்தமாக வராது. திறமைசாலி என்று பெயர் எடுத்தவருக்கு முடியவில்லை என்று சொல்வது, அந்தப் பெயரையே திருப்பிக் கொடுப்பது மாதிரி.

டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்று கேட்டால் கொஞ்சம் வரும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? கடைசியாக எந்த வேலையை ரசித்துச் செய்தாய்? இப்போது கையில் இருப்பதில் எதை எடுத்துவிட்டால் மூச்சு விட முடியும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால், அதை அந்த வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்த முறை அவர் பேச மாட்டார். செய்ய முடியாதென்றால் கேட்காமல் இருப்பதே மேல்.

"எனக்கெல்லாம் வராது"

இது நமக்கு நாமே செய்துகொள்வது. 2022 ஆகஸ்டில் விராட் கோலி, பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு மாதம் பேட்டைத் தொடவே இல்லை என்று சொன்னார். சமீப காலமாகத் தன் தீவிரத்தைத் தானே நடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது என்றும், உடம்பு நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது என்றும் சொன்னார். அவர் பர்ன்அவுட் என்ற சொல்லைச் சொன்னாரா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. நடித்துக்கொண்டிருந்தேன் என்றாரே, அதுதான் விஷயம். கோடிக்கணக்கான பேர் ஒவ்வொரு பந்தையும் பார்க்கும் ஒருவரே தன்னிடமிருந்து அதை மறைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

உங்களிடமும் பாருங்கள். முன்பு தானாக வந்த உற்சாகத்தை இப்போது வரவழைக்க வேண்டியிருக்கிறதா? வீடியோ காலுக்கு முன்னால் முகத்தைத் தயார் செய்துகொள்கிறீர்களா? பாராட்டு வந்தால் உள்ளே ஒன்றுமே ஆகாமல் இருக்கிறதா? சின்ன முடிவுக்குக்கூட, என்ன சாப்பிடுவது என்பதற்குக்கூட, யோசிக்கவே எரிச்சலாக இருக்கிறதா? இவை நாலைந்து வாரம் தொடர்ந்தால் யாரிடமாவது சொல்லுங்கள்.

ஒரு எல்லையையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பர்ன்அவுட் வேலையோடு ஒட்டியது. வேலையைவிட்டு விலகியதும் பிடித்த பாட்டு பிடிக்கும், குழந்தையின் சிரிப்பு உள்ளே போகும். அதுவும் போகவில்லை, எதிலுமே ருசி இல்லை, நான் எதற்கும் லாயக்கில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது டிப்ரஷன் என்ற மனச்சோர்வு நோயாக இருக்கலாம். லீவு, வேலை மாற்றம் என்று அதற்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. இந்திய மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

பேப்பர் போட்ட பிறகு சம்பளம் பேசுவது

அந்தப் பெண் ராஜினாமா மெயில் அனுப்பிய மறுநாள், மேலிடத்தில் பேசி நல்ல உயர்வு வாங்கி வந்தேன். மீட்டிங் ரூமில் உட்கார வைத்துத் தொகையைச் சொன்னேன். அவர் நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். "சம்பளம் கேட்டு நான் பேப்பர் போடலையே அண்ணா" என்றார். கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு, ஒப்படைப்புக்காகப் பழைய மெயில்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் ஒன்று இருந்தது: "ரிக்ரெஷன் டெஸ்டிங்குக்கு இன்னொரு ஆள் வேண்டும். இல்லையென்றால் நான் மட்டும் சமாளிக்க முடியாது." அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம் என்று நான் பதில் போட்டிருந்தேன். ஏப்ரலில் ஒரு நினைவூட்டல். மே மாதம் இன்னொன்று, இரண்டே வரி. ஜூனுக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு மெயில்கூட இல்லை. அவர் இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரை எடுத்தோம்.